தோற்ற நாள்களில் போன் வராது

கோலா தெர்லா,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி விக்னேஸ்வரி எழுதுவது. நான் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். லோரி ஓட்டும் மகேன் நாளைக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு கிளந்தானுக்கு இறங்குகிறான். கடிதத்தை உங்கள் கையில் கொடுக்காமல் திரும்பினால் என் தோட்டத்துத் தக்காளி இனி அவன் லோரியில் ஏறாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். "இந்தக் காலத்துல கடிதமாக்கா? வாட்ஸப்ல போட்டா முடிஞ்சுது லா" என்று சிரித்தான். போட்டேனே! படித்துவிட்டதாக நீலக் குறி விழுகிறது, பதில்தான் விழக் காணோம்.

கால்பந்து சீசன் தொடங்கிய புதிதில் எனக்கு இது பிடிபடவில்லை. ஜெயித்தால் பஸ்ஸில் ஏறிய உடனே கூப்பிடுகிறீர்கள், பின்னால் பசங்கள் பாடுவதுகூடக் கேட்கும். டிரா என்றால் "சாப்பிட்டியா" என்று ஒரு வரி வரும். சாப்பிட்டேன் என்று போட்டால் அத்தோடு சரி. தோற்றுவிட்டாலோ ஆளையே காணோம். நடுவில் உங்கள் டீம் வரிசையாகத் தோற்றுக்கொண்டே போனதே, அப்போது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அங்கே எவனோ ஒருத்தன் பெனால்டியை வெளியே அடித்தால் இங்கே மலைமேல் எனக்குப் புருஷன் குரல் கிடையாது. இது என்ன நியாயம், சொல்லுங்கள்.

ஆட்டத்தை ஃபேஸ்புக்கில் பார்க்கத்தான் செய்கிறேன். மூடுபனி இறங்கினால் லைன் போய்விடும். போகாத நாளிலும் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. பந்து உங்கள் பக்கம் வந்தால்தான் உங்கள் முகம் தெரியும். தடுப்பு ஆட்டக்காரர் பக்கம் பந்து வந்தால் எதிராளி கோல் போட வருகிறான் என்று அர்த்தமாம். ஆக, உங்களைப் பார்க்க ஆசைப்பட்டாலும் ஆபத்துதான்.

தோட்டத்துச் செய்தி. போன மாதக் காற்றில் தக்காளிக் கொட்டகையின் பிளாஸ்டிக் கூரை கிழிந்துவிட்டது. கூட வேலை செய்யும் பவளம் அக்காவும் நானும் ஏறிக் கட்டிவிட்டோம். ஏறியது சரி, இறங்கும்போது ஏணி வழுக்கிவிட்டது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பதறாதீர்கள், மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

ஏன்டி சொல்லவில்லை என்று கத்துவீர்கள். விழுந்த அன்று நீங்கள் நாலு கோல் வாங்கினீர்கள். மகேன்தான் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் இடது கையால் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். "மாமா போன் கெட்டுப்போச்சாக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

சரி, ஜெயிக்கிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். ஜெயித்தீர்கள். அடேயப்பா, அன்றைக்கு உங்கள் குரல்! கோல் கோட்டிலிருந்து பந்தை எப்படித் தட்டிவிட்டீர்கள் என்பதைத் திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள். அதற்கு நடுவில் என் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? நல்லாத்தான் இருக்கேன் மாமா, நீங்க சொல்லுங்க என்றேன். மாவுக்கட்டு மடியில் கிடந்தது. தோற்றால் நீங்கள் பேசுவதில்லை, ஜெயித்தால் என்னால் பேச முடிவதில்லை. அப்புறம் எந்த நாளில்தான் நான் சொல்ல? அந்த வாரம் கம்போங் ராஜாவில் ஒரு கல்யாணம். ஒற்றைக் கையால் சேலை கட்டிப் பார்த்தேன். பாதியில் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம். ஜெயித்தால் டீம் இரண்டாம் பிரிவிலேயே நிற்கும், உங்களுக்கும் இன்னொரு வருஷம் கான்ட்ராக்ட் என்று கோச் சொன்னதாகச் சொன்னீர்கள். தோற்றால் மூன்றாம் பிரிவுக்கு இறங்கிவிடும், நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். ஜெயிக்கட்டும் என்றால் இன்னும் ஒரு வருஷம் இந்தக் குளிரில் நான் ஒருத்தி. தோற்கட்டும் என்று கேட்க வாய் வருமா? பள்ளிக்கூட நாளிலிருந்து நீங்கள் ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியாதா? "சீக்கிரம் ஏதாவது ஒண்ண வேண்டிக்க லா, அம்மனுக்கே குழப்பமாயிரும்" என்று பவளம் அக்கா இடித்தார். கடைசியில் அடிபடக் கூடாதென்று உங்கள் முழங்காலுக்கு மட்டும் வேண்டிக்கொண்டு திரும்பினேன்.

சனிக்கிழமை நன்றாக விளையாடுங்கள் மாமா, மனசாரத்தான் சொல்கிறேன். ஜெயித்தால் கூப்பிடுவீர்கள், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தோற்றாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டால் பரவாயில்லை, போனைச் சும்மா காதில் வைத்திருங்கள். நீங்கள் அழுதால் ஒருத்தரிடமும் சொல்ல மாட்டேன். எனக்கும் கொஞ்சம் அழ வேண்டியிருக்கிறது. தனியாக அழுது பார்த்துவிட்டேன், சரிப்பட்டு வரவில்லை.

அம்மன் உங்கள் பக்கம் இருக்கட்டும்.

உங்கள்,
விக்னேஸ்வரி