குசினியில் கழிந்த பதினான்கு மாதங்கள்

என் ஆசை நானாவுக்கு,

உங்கள் தங்கச்சி ஸரீனா சலாம் சொல்லி எழுதுகிறேன். நீங்கள் மவுத்தாகி, எங்களை விட்டுப் போய் நாலு மாதமாகிறது. உங்களுக்காக துஆக் கேட்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. போன வெள்ளிக்கிழமை அது போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கடற்படையில் இருந்த நீங்கள் சண்டையில் தமிழ் இயக்கத்தாரிடம் பிடிபட்டு, மூன்றரை வருடம் காட்டு முகாமில் கைதியாகக் கிடந்து திரும்பினீர்கள். நீங்கள் வந்த அன்று கற்பிட்டியில் பாதி ஊர் நம் வாசலில் நின்றது. ஒரு மாதம் கழித்துத்தான் அந்தக் கதை வந்தது. உங்களோடு விடுதலையான சிலாபத்துக்காரர் ஒருவர் சொன்னதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். மற்றவர்கள் கஞ்சி குடித்துக் கிடக்க, நீங்கள் பிடித்தவர்களின் குசினியில் சமைத்துக்கொண்டு சொகுசாக இருந்தீர்களாம். "தமிழ் கதைக்கிற ஆள்தானே, அவங்களோட சேர்ந்திட்டார்" என்று நம் தெருவிலேயே சொன்னார்கள். உங்களுக்குப் பேசி முடித்த கலியாணமும் நின்றுபோனது.

ஒரு நாள் சோறு வைத்துக்கொண்டே கேட்டேன். "நானா, அந்தக் குசினிக் கதை மெய்தானா?"

"ஓம். பதினாலு மாசம் சமைச்சன்" என்றீர்கள். கறியைக் கொஞ்சம் போடச் சொன்னீர்கள். அவ்வளவுதான்.

அன்று முதல் உங்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன், நானா. அதை உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு எழும்புகிறேன், வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஒரு காலை இழுத்து நடக்கிற சிங்கள மனிதர், கையில் ஒரு பை இறால். பெயர் சுனில் என்றார். முந்தலில் இறால் பண்ணையில் பம்பு திருத்துகிற வேலையாம். நீங்கள் காலமானதைப் புத்தளத்தில் எஞ்சின் சாமான் விற்கும் கடையில் கேள்விப்பட்டு வந்திருந்தார். அவருடைய தமிழ் நம் ஊர்த் தமிழாகவே இருந்தது. எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன்.

"நானாதான் பழக்கினார். முகாமுக்குள்ள ஒண்டா இருக்கக்குள்ள."

உம்மாவும் வந்து கதிரையில் உட்கார்ந்தா. சுனில் சொல்லத் தொடங்கினார்.

பிடிபட்டால் எப்படி இருக்க வேண்டும் என்று கடற்படைப் பயிற்சியில் அரை நாள்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். சுனில் அந்த வகுப்பில் தூங்கிவிட்டார். நீங்கள் கவனமாகக் கேட்டிருந்தீர்கள். பெயரையும் நம்பரையும் மட்டும் சொல். அடி தாங்காமல் ஏதாவது சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதே, அடுத்த நாள் திரும்பவும் வாயை மூடு. உங்களில் மூத்தவர் சொல்வதைக் கேள். எந்த நேரம் என்ன வேலை என்று நாளுக்கு ஒரு நேரசூசி வை. மற்றவர்களுக்குக் கிடைக்காததை நீ மட்டும் வாங்காதே. இதையெல்லாம் அங்கே நீங்கள்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தீர்களாம். காலையில் நீங்கள் தமிழ் படிப்பிக்க, பின்னேரம் சுனில் நிலத்தில் கல்லுகளை அடுக்கி, படகு எஞ்சினை ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பூட்டிக் காட்டுவாராம்.

திரும்பி வந்து நீங்கள் படகு எஞ்சின் திருத்தியபோது, அந்த வேலையை எங்கே பழகினீர்கள் என்று நாங்கள் எத்தனை தரம் யோசித்திருக்கிறோம்.

பிறகு சுனிலின் கால் காயம் புழுத்துப் போனது. காய்ச்சலில் பிதற்றினாராம். அந்த நேரத்தில்தான் பிடித்தவர்கள் உங்களைச் சமைக்கக் கூப்பிட்டார்கள். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். உங்கள் கூட்டத்தில் மூத்த அதிகாரிதான், "போ. குசினிக்குப் போனால் அவங்கட மருந்துக் குளிசை எடுக்கலாம். ஒருத்தரிட்டயும் சொல்லாதே. அடிச்சால் யாராவது உளறிடுவான். எல்லாரும் வெளியில போன பிறகு நானே சொல்றன்" என்றிருக்கிறார்.

"சுடுதண்ணி ஒரு டின்னில, உப்பு, குளிசை எல்லாம் சாரத்து மடிப்பில கொண்டு வந்தார்" என்றார் சுனில். "அங்க இறைச்சி தொடல்ல. எங்கட கஞ்சியைத்தான் குடிச்சார். எங்க மூணு பேருக்குத்தான் அது தெரியும். மத்தவங்க அவரோட கதைக்கவும் இல்ல, பக்கத்தில படுக்கவும் இல்ல. எப்படித் தாங்குறீங்க எண்டு ஒரு நாள் கேட்டன். 'எனக்கு அஞ்சு நேரத் தொழுகை இரிக்கி. நேரசூசி வை எண்டு பயிற்சியில சொல்ல முந்தியே என்ட நேரசூசி போட்டாச்சு' எண்டார்."

காயக்காரர் என்று சுனிலை முதலில் விட்டுவிட்டார்கள். மூத்த அதிகாரி அங்கேயே நோயில் இறந்துபோனார். சாகுமுன் அவர் மற்றவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் என்றே சுனில் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார். வருடத்தில் ஒரு தரம் அந்தக் கடையில் உங்களைச் சந்தித்துத் தேத்தண்ணி குடிப்பாராம். நீங்கள் ஒரு நாளும் அவரை வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

"அவர் உங்களிட்ட சொல்லல்லியா?" என்று கேட்டார். நான் சந்தையில் வந்த கதையைச் சொன்னேன். அவர் இறால் பையைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

ஏன் நானா சொல்லவில்லை? நானே சொல்கிறேன் என்றவர் திரும்பி வராததாலா? இல்லை, சொன்னாலும் நாங்கள் நம்பமாட்டோம் என்றா?

உம்மா, "எனக்குத் தெரியும், என்ட புள்ள அப்படியில்ல" என்றா. அவவுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டா. நீங்கள் போன பிறகு அப்படிச் சாப்பிட்டதில்லை. எனக்கும் மூச்சு லேசாக வருகிறது.

சுனில் அங்கேயே இருந்து அந்தச் சிலாபத்துக்காரருக்குப் போன் எடுத்தார். சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். கடைசியில் மறுபக்கத்தில் இருந்தவர் ஒன்றுதான் கேட்டாராம், உங்களை எங்கே அடக்கியிருக்கிறது என்று.

வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வருகிறார்கள். உங்கள் மச்சான், என் வீட்டுக்காரர், அவர்களை உங்கள் கபுறடிக்குக் கூட்டிப் போவார். பெண்கள் உள்ளே போவதில்லை, நான் மதிலுக்கு வெளியே நிற்பேன். என்னை மன்னிக்கச் சொல்லி அங்கிருந்தே கேட்பேன். பிறகு இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து, நீங்கள் இருந்து சாப்பிட்ட இடத்திலேயே இருத்திச் சோறு போடுவேன். நீங்கள் கூப்பிடாமல் விட்ட உங்கள் ஆட்களை இனி நான் கூப்பிடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களோடு கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
ஸரீனா