கடலுக்கு விற்ற மணல்

2006 ஜூலை 4, செவ்வாய். ரம்புக்கனை

விடிந்ததிலிருந்து தூறல். தோட்டத்தில் இன்று ரப்பர் பால் வெட்டு இல்லை. ரப்பர் மரம் நனைந்தால் எனக்குக் கொண்டாட்டம். தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற கூலியாட்கள் காலையிலேயே என் மணல் வேலைக்கு ஆற்றில் இறங்கிவிட்டார்கள். மஹா ஓயாவில் தண்ணீர் கழுத்தளவு. வாளியோடு முங்கி முங்கி மணல் எடுத்து ஓடத்தில் கொட்டினார்கள். முனியாண்டிக்கு இருமல். இருமுகிறவன் வீட்டுக்குப் போ என்றேன். போகவில்லை. போக மாட்டான் என்று தெரிந்துதான் சொன்னேன்.

வாங்க வேண்டியது: லொறிக்கு ஒயில், மண்வெட்டி இரண்டு, பல்வலிக்குக் கிராம்புத் தைலம்.

மத்தியானம் அன்டன் வந்தான். என் மகள் சுமதியை இழுத்துக்கொண்டு ஓடிய மீன்காரன். மூன்று வருடத்தில் முதல் தடவை. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னான். வென்னப்புவப் பக்கம் கரையைக் கடல் தின்றுகொண்டு வருகிறதாம். முன்வரிசை வீடுகள் போய்விட்டன. அடுத்தது இவர்கள் வீடு. கூட்டம் போட்டு ஒரு ஒஃபீசர் விளக்கினாராம்: கடற்கரைக்கு மணல் கொடுப்பது ஆறுதான், மேலே அள்ள அள்ளக் கீழே கரை இளைக்கும் என்று. மஹா ஓயா என்று அவர் சொன்னதும் சுமதி எழுந்து வெளியே போய்விட்டாளாம். இவனை அனுப்பியதும் அவள்தான்.

"மாமி, கடல் அடங்குறவரைக்கும் சரி மணல் அள்ளுறத நிப்பாட்டுங்க. புள்ள படுக்கிற அறைச் சுவர்ல அலை அடிக்குது."

"அப்ப புள்ளயத் தூக்கிக்கிட்டு அவள இங்க வரச் சொல்லு. நீ வர வேணாம்."

கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனான். சுமதி காயவைத்ததாம். ஆற்று ஆட்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு துண்டு மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜூலை 5

பல்வலி. தூக்கமில்லை.

நான் நிறுத்தினால் மேல் வளைவில் மணல் அள்ளுகிறவன் இரண்டு ஓடம் கூடப் போடுவான். யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் எனக்கு அது காரணமில்லை. அந்த வீடு போனால் சுமதி எங்கே போவாள்? இங்கேதான் வர வேண்டும். கடல் எனக்குச் சம்பளம் கேட்காமல் வேலை செய்கிறது. இப்படி எழுதக் கை கூசவில்லை.

பின் அறையைக் கழுவிவிட்டேன். பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவதா, கட்டில் போதுமா? பெண்பிள்ளை என்பது மட்டும்தான் தெரியும். வயதுகூடக் கேட்கவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

அரசாங்க வேலைகளைக் குத்தகைக்கு எடுக்கிற கொந்தராத்துக்காரர் ஒருவர் வந்தார். கடற்கரையில் மணல் மூட்டை அடுக்கப் போகிறார்களாம், அலையைத் தடுக்க. ஆற்று மணல் வேண்டும். எந்தக் கரை என்று கேட்டேன். அதே கரை.

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். சும்மா விட்டிருந்தால் ஆற்றோடு தானாகப் போயிருக்கும் மணல். அதை முங்கி எடுத்து, லொறியில் ஏற்றி, டீசல் எரித்து அங்கேயே கொண்டுபோய்க் கொட்டக் காசு கொடுக்கிறார்கள். படித்த மூளைகள். சரி என்றேன்.

ஜூலை 13, வியாழன்

மழை இல்லை. முதல் லோட் போயிற்று.

நல்ல மணலுக்குக் கொழும்பில் வீடு கட்டுகிறவன் காத்திருக்கிறான். இதற்கு ஆற்றோரக் களிமண்ணை வெட்டி ஏற்றச் சொன்னேன். மேலே மூடுவதற்கு மட்டும் கொஞ்சம் மணல். மூட்டைக்குள் மண் கரைந்துவிடும் என்றான் டிரைவர் பண்டா. கரையட்டும் என்றேன். என் முகத்தையே பார்த்தான். சுமதிக்கு சைக்கிள் பழக்கியவன் அவன். லொறியின் நெற்றியில் 'சுமதி' என்று இருக்கிறதே, அது அவள் அப்பா லொறி வாங்கிய அன்று எழுதியது. அவர் போன பிறகும் நான் மாற்றவில்லை. அவள் ஓடிய பிறகும் மாற்றவில்லை.

வெட்டின இடத்தில் ரப்பர் மரம் ஒன்று ஆற்றுப் பக்கம் சாய்கிறது. "தோட்டத்துத் தொர பாத்தா கத்துவாரும்மா," என்றான் முனியாண்டி. சாயட்டும், விறகாகும்.

ஜூலை 21, வெள்ளி

பண்டா கரையிலிருந்து திரும்பினான். சோறு வேண்டாம் என்றுவிட்டான். அங்கே ஊர்ப் பெண்கள்தான் மூட்டை கட்டுகிறார்களாம். சுமதியும். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தாளாம், லொறியின் பேரைப் பார்த்தாளாம், மறுபடி கட்டப் போய்விட்டாளாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிள்ளைக்கு என் மூக்காம். பண்டா கேட்காமலே சொன்னான்.

பின் அறைக்கு ஃபேன் வாங்கினேன். பிள்ளைக்கு வேர்க்கும்.

ஜூலை 27, வியாழன்

கொந்தராத்துக்காரர் ஃபோனில் கத்தினார். மூட்டைகள் எல்லாம் சப்பையாகி அலையோடு போய்விட்டனவாம். கடல் தேத்தண்ணி நிறமாம். நாலைந்து வீடு விழுந்தது. அன்டன் வீடும். உயிருக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டேன். இல்லை. எல்லோரும் கோயில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.

சந்தோஷம். வேறு சொல் போட்டு மறைக்க என்ன இருக்கிறது? பால்மா, பிஸ்கட், பிள்ளைக்குச் சட்டை இரண்டு வாங்கினேன். நாளைக்கு நானே லொறியில் போய்க் கூட்டிவருவேன்.

ஜூலை 28

போனேன்.

வீட்டில் பாதி இருக்கிறது. குசினிச் சுவரில் தட்டு மாட்டுகிற பலகை, அதில் இரண்டு தட்டு. அதற்கு அப்பால் கடல். ஆட்கள் லொறியைச் சுற்றி நின்றார்கள். சுமதி இடுப்பில் பிள்ளையோடு ஒரு கிழிந்த மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை களிமண். ஏறு, போகலாம் என்றேன். அன்டன் தள்ளி நின்றான்.

யார் இந்த அம்மா என்று ஒருத்தி சிங்களத்தில் கேட்டாள். மணல் முதலாளி என்றாள் சுமதி. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கிட்டே வந்து மெதுவாக,

"அம்மா, லொறியில இருக்கிற என் பேர அழிச்சிருங்க. இந்த மண்ணுல ஒனக்கும் பங்கான்னு இங்க எல்லாரும் என்னயக் கேக்குறாங்க."

பிள்ளை என்னைப் பார்த்தது. நிஜமாகவே என் மூக்கு. சட்டைகளை நீட்டினேன். சுமதி வாங்கவில்லை.

திரும்பும் வழியில் கிரியுல்லை வரைக்கும் அழுதேன். பிறகு நிறுத்திவிட்டேன். வாசலில் லொறியை விட்டதும் பண்டா சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டான்.

ஜூலை 31, திங்கள்

நல்ல வெயில். ஆறு இறங்கிவிட்டது.

பண்டா வேலைக்கு வரவில்லை. சாவியை மகனிடம் கொடுத்தனுப்பிவிட்டான். வேறு டிரைவர் பார்க்க வேண்டும்.

பெயின்டர் வந்தான். பேரை அழிக்கவா என்றான். அதன் மேலேயே எழுது என்றேன், சிவப்பில், இன்னும் பெரிதாக. லொறி என்னுடையது, பேர் வைத்ததும் நாங்கள்.

கொந்தராத்துக்காரர் திரும்ப வந்தார். மறுபடியும் மூட்டை அடுக்கப் போகிறார்களாம். வேறு இடத்தில் மணல் கிடைக்கவில்லையாம், இந்தத் தடவை சுத்த மணலாக வேண்டுமாம். ஆகட்டும் என்றேன். அவர் போனதும் முனியாண்டியைக் கூப்பிட்டு, அதே ஆற்றோர மண்ணை வெட்டச் சொன்னேன். சுமதியும் பிள்ளையும் இப்போது படுக்கிற அந்தக் கோயில் பள்ளிக்கூடமும் கடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.