அம்மாவின் அழுகைக்குக் கிடைத்த இடம்

காரில் காத்திருந்த என் அப்பாவுக்கு,

இல்லை, இன்னும் அனுப்பவில்லை. தாள் மேசையில்தான் இருக்கிறது. அதில் இரண்டு சதுரங்கள். வருகிறேன், வரவில்லை. ஒன்றில் புள்ளடி போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறது. இன்று செவ்வாய்.

நாடகப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது, அப்பா. இதை உங்களிடம் இன்னும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. நூற்றுக்கணக்கானவர்கள் போனோம். எட்டுப் பேரை எடுத்திருக்கிறார்கள். நீங்கள் இருந்தால் மற்ற ஏழு பேரும் ஆர் என்று கேட்டிருப்பீர்கள்.

பல்கலைக்கழகத்துக்கும் ஏப்ரலில் விண்ணப்பித்தேன். கலைப்பீடம். என் புள்ளிகளுக்கு அங்கே இடம் நிச்சயம். மூன்று வருடம். இலக்கியம், மெய்யியல், நாடக வரலாறு, விரும்பினால் நடுவில் ஒரு மொழி. பிறகு ஒரு வருடம் கூடப் படித்தால் ஆசிரியர் வேலை. அம்மாவின் காதில் இந்தக் கடைசி வசனம் மட்டும் விழும்.

நாடகப் பள்ளியும் மூன்று வருடம்தான். காலையில் வெறுங்காலோடு தரையில் நிற்க வேண்டும். குரல், மூச்சு, உடல், பிறகு மாலைவரை ஒத்திகை. வேறு பாடம் இல்லை. முடித்து வெளியே வந்தால் நடிகை. அல்லது ஒன்றுமில்லை.

நான் வாசிக்கிறவள். உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில், ஒரு பெண் ஏன் அழுகிறாள் என்று இருபது பக்கம் எழுதலாம். நாடகப் பள்ளியில் அழ வேண்டும். எனக்கு இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு இடத்திலும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

ஜனவரியில் நாடகப் பள்ளித் தேர்வின் முதல் சுற்றுக்கு நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள். சப்பாத்து மாற்ற ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னோம். அந்தப் பொய் உங்களுடையது. அவ்வளவு சுலபமாக உங்களுக்குப் பொய் வரும் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே போன பிறகு, காரின் இயந்திரத்தை ஓடவிட்டால் யாராவது வந்து ஏசுவார்கள் என்று அதை நிறுத்திவிட்டு, தொப்பியோடும் கையுறையோடும் மூன்று மணிநேரம் அந்த நோர்வேக் குளிரில் இருந்தீர்கள்.

"என்ன செய்யச் சொன்னவை?"

"ஆரும் இருக்காத ஒரு கதிரையோடை சண்டை பிடிக்கச் சொன்னவை."

"பிடிச்சனியோ?"

"பத்து நிமிஷம்."

"ஆர் வெண்டது?"

"கதிரை."

"அப்ப கதிரையைத்தான் எடுப்பினம்," என்றீர்கள்.

ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிக்கட்டடம் வரும்வரை சிரித்தோம். கீழே காரை நிறுத்திய பிறகும் நீங்கள் இறங்கவில்லை. "கொம்மாட்டை இப்ப சொல்லாதை," என்றீர்கள். எப்போது சொல்லலாம் என்று சொல்லவில்லை. இரண்டாம் சுற்றுக்கும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அன்றும் அதே இடத்தில் நிறுத்தினீர்கள், அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. ஓம் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, அப்பா. காரை ஓட்டினீர்கள். அது ஓம்தானா?

இரண்டாம் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் நடுவில் நீங்கள் இறந்தீர்கள். சலவைச்சாலையில், காலை வேலைக்கு நடுவில், ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். சூடான துணி மணம் உங்கள் ஜாக்கெட்டில் இருந்தது என்று அம்மா சொன்னார். நான் மணந்து பார்க்கவில்லை.

பிறகு வீடு ஆட்களால் நிறைந்தது. நீங்களும் எத்தனை வீடுகளுக்கு இப்படிப் போயிருப்பீர்கள். முப்பத்தோராம் நாள்வரை துடக்கு, சாவுத் தீட்டு. அதுவரை செத்தவீட்டார் எங்கும் போவதில்லை, எல்லோரும் வருவார்கள். முதலில் லிஃப்ட் சத்தம். பிறகு வாசல் மணி. அம்மா கையைத் துடைப்பார். கண்ணாடியைக் கழற்றிச் சப்பாத்து அலுமாரிக்கு மேலே, எப்போதும் அதே மூலையில், வைப்பார். கதவைத் திறப்பார். வந்தவரைக் கட்டிப்பிடித்து, "என்னை விட்டிட்டுப் போட்டாரே," என்று அழுவார். அழுகை தணியும். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்பார். அடுத்த மணி அடிக்கும்.

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன்தான். அழுதுகொண்டே பார்த்தேன். எந்தத் தோள் முதலில் இறங்குகிறது, மூச்சு எங்கே உடைகிறது என்று. ஒரு மகள் அப்படிப் பார்ப்பாளா?

பத்தொன்பதாம் நாள் கடைசிச் சுற்று. பள்ளியில் சோதனை என்று சொல்லிவிட்டு, துடக்கோடு, ரயில் ஏறிப் போனேன். மனப்பாடம் செய்திருந்த வசனங்களைச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்த நடுவர்கள் ஆறு பேரும் தலையாட்டினார்கள். பிறகு, நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் ஆசிரியை, "வாசல் மணி அடிக்கிறது. போய்த் திற. பேசாதே," என்றார். எல்லோருக்கும் கொடுத்த பயிற்சிதான் அது. மற்றவர்கள் காதலனுக்கோ பொலிசுக்கோ திறந்திருப்பார்கள்.

நான் கையைத் துடைத்தேன். இல்லாத கண்ணாடியைக் கழற்றி, இல்லாத அலுமாரியின் மூலையில் வைத்தேன். ஐந்து தரம் திறந்தேன். ஐந்து தரம் சத்தமில்லாமல் அழுதேன். ஐந்தாம் தரம் கண்ணாடியைத் திரும்பப் போட மறந்து அப்படியே நின்றேன். அம்மாவும் ஒருநாள் அப்படி நின்றவர்.

பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. "இது உன்னிடம் மட்டும் இருப்பது," என்றார் ஆசிரியை. இது என்னுடையது இல்லை என்று நோர்வேஜிய மொழியில் சொல்ல எனக்கு நன்றாகவே தெரியும். சொல்லவில்லை. நன்றி என்றேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, துடக்குக் கழிக்கும் சடங்கு. மண்டபத்தில் சாப்பிட்டு எழும்பியவர்களின் கையில் உங்கள் கல்வெட்டை, அந்தச் சிறிய நினைவுப் புத்தகத்தை, கொடுத்தோம். அதை முழுவதும் செய்வித்தவர் மாமா. அம்மாவின் தம்பி, உங்களோடு அரசியல் கதைத்துச் சண்டை பிடிக்காமல் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடிக்காதவர். அட்டையில் மாலை போட்ட உங்கள் படம். உள்ளே தேவாரம், பிறந்த ஊர், உறவுமுறை. ஒன்பதாம் பக்கத்தில் நான்: தந்தையின் கனவை நனவாக்கப் பல்கலைக்கழகம் புகுந்த அன்பு மகள்.

அப்போது நான் விண்ணப்பம்கூடப் போடவில்லை. மாமா என்னிடம் கேட்கவும் இல்லை. பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு படிப்போ உத்தியோகமோ வர வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தால் செத்தவருக்கு மரியாதையில்லை. புத்தகம் யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் தொரன்டோவுக்கும் தபாலில் போனது. தொரன்டோவிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் என்னை வாழ்த்தினார். நானும் நன்றி சொன்னேன்.

பிறகுதான் விண்ணப்பித்தேன். பயந்தா, உங்கள் பெயரில் அச்சடித்ததைப் பொய்யாக்கக் கூடாது என்றா? பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது மே மாதம். பள்ளிப் படிப்பு முடிகிற கொண்டாட்டத்தில் என் வகுப்பு முழுவதும் சிவப்புக் காற்சட்டையோடு திரிகிறது. துக்க வருடம் என்பதால் எனக்கு அது இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் நாடகப் பள்ளியின் கடிதம் வந்தது. ஒளித்துவைத்தேன். கடந்த ஞாயிறு மாமா சாப்பிட வந்தபோது மேசையில் வைத்தேன்.

மாமா இரண்டு தரம் வாசித்தார்.

"மூண்டு வருஷம் அழப் படிக்கிறதோ? எங்கடை சனத்துக்கு அது படிக்காமலே வரும் பிள்ளை."

"அழ மட்டும் இல்லை, மாமா."

"கல்வெட்டிலை அடிச்சாச்சு. ஊருலகமெல்லாம் போயிட்டுது. அத்தான்ரை ஆசை அது."

"அப்பாதான் என்னைக் காரிலை கூட்டிக்கொண்டு போனவர். ரெண்டு தரம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். மாமா சோற்றுக்குச் சொதியை விட்டுக்கொண்டே, "செத்த மனிசனைச் சாட்சிக்குக் கூப்பிடாதை," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்காக வெட்கப்பட்டுச் சொன்னார். நீங்கள் ஒருவர்தான் சாட்சி, அப்பா. நீங்கள் சொல்லாத ஆசை அச்சில் இருக்கிறது. நீங்கள் செய்தது எங்கும் இல்லை.

மாமா போன பிறகு அம்மா லீக்ஸ் நறுக்க உட்கார்ந்தார்.

"சப்பாத்து மாத்தப் போன நாளோ?"

"ஓம்."

"சப்பாத்தில்லாமல் வரேக்கையே நினைச்சனான்." பிறகு, தலை நிமிராமல், "அங்கை என்ன செய்து காட்டினனி?" என்றார்.

சொன்னேன். மணி, கதவு.

"நான் அழுததையோ?"

"ஓம்."

"கண்ணாடி கழட்டினதையும்?"

"ஓம், அம்மா."

கத்தி நின்றது.

"அழுதால் கண்ணாடி மங்கிப்போகும். ஆர் வந்தது எண்டு தெரியாது. அதுக்குத்தான் கழட்டினனான்," என்றார்.

நான் காரணம் கேட்கவில்லை, அப்பா. குற்றம் சாட்டப்பட்டவர் மாதிரி அம்மா தானாக எனக்குக் காரணம் சொன்னார். இருபது வருடம் உங்களோடு வாழ்ந்தவர், உங்களுக்காக அழுத அழுகைக்கு என்னிடம் காரணம் சொன்னார்.

"சிரிச்சவையோ?"

"இல்லை. எழுதினவை."

"நான் அழுததுக்கு மார்க்ஸ் போட்டவை," என்றார். கேள்வி இல்லை. பிறகு கத்தியை வைத்துவிட்டு, "எனக்குச் செய்து காட்டு," என்றார்.

எழும்பி வாசல் பக்கம் போனேன். நின்றேன். கையைத் துடைக்க வேண்டும், அதுதான் முதல். கை வரவில்லை. முன்பின் தெரியாத ஆறு பேருக்கு முன்னால் ஐந்து தரம் வந்தது, அம்மாவுக்கு முன்னால் ஒரு தரமும் வரவில்லை.

"ஏலாது, அம்மா."

அம்மா லீக்ஸைச் சட்டியில் போட்டுக் கிளறினார். அடுப்பைக் குறைத்துவிட்டுச் சொன்னார்.

"என்னைச் செய். நான் இருக்கிறன், பிழையெண்டால் சொல்லுவன். அப்பாவைச் செய்யாதை. அவராலை சொல்லேலாது."

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. நேற்றுக் கீழ்வீட்டு அக்கா வந்தார். மணி அடித்ததும் அம்மா திரும்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றாமலே போய்க் கதவைத் திறந்தார். அழவில்லை. அக்கா குழம்பிப்போனார். இரண்டு பேரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள்.

இதைத்தான் நான் செய்திருக்கிறேன்.

பல்கலைக்கழகம் போனால் புத்தகம் உண்மையாகும். மாமா நிம்மதியடைவார். நான் எங்கே நிற்கிறேன் என்று திரும்பிப் பார்க்காமல் அம்மா கதவைத் திறக்கலாம். பின்வரிசையில் உட்கார்ந்து யாரையும் தொடாமல் மூன்று வருடம் யோசிக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் யாரோ எழுதிய ஒரு வரிக்குள் போய் உட்கார்வது போலிருக்கும்.

நாடகப் பள்ளிக்குப் போனால் இதேபோல இன்னும் எடுக்கச் சொல்வார்கள். எடுக்க என்னிடம் இருப்பது நீங்கள் இருவரும்தான். எத்தனை கதவைத் திறக்கத் தருவார்கள் எனக்கு? எல்லா நாடகத்திலும் அழுகிற அகதிப் பெண் வேடமா? எனக்குப் பத்தொன்பது வயது, அப்பா. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருடையதோ ஒன்று என் கையில் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த அறையில், ஐந்தாம் தரம், கண்ணாடியைப் போட மறந்து நின்றபோது, அம்மாவுக்கு என்ன நடந்திருக்கிறது என்று முதல்முறையாக எனக்குத் தெரிந்தது. பத்தொன்பது நாள் சமையலறை வாசலில் நின்று பார்த்தபோது தெரியவில்லை. அதைப் பற்றி இருபது பக்கம் எழுதியிருந்தாலும் தெரிந்திருக்காது. என் தோள் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. நீங்கள் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

திருட்டை இது நியாயப்படுத்தாது. ஆனால் இதை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியுமா?

அம்மா சொன்னதை உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். உங்களை நான் நடிக்க மாட்டேன். படியேறும்போது இரண்டாம் மாடியில் நின்று சுவரைத் தட்டுவதை, கோபம் வந்தால் குரல் சின்னதாவதை, யார் கேட்டாலும், எந்த வேடத்துக்கு எவ்வளவு பொருந்தினாலும், வெளியே எடுக்க மாட்டேன். அவை என் உடலில் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும். அம்மாவிடமிருந்து எதை எடுத்தாலும், எடுத்த அன்றே அம்மாவிடம் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மகள்

புதன்கிழமை காலை இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வருகிறேன் என்ற சதுரத்தில் புள்ளடி போட்டேன். நாடகப் பள்ளிக்கான அந்தத் தாளை ஸ்டோவ்னர் தபாற்கந்தோரில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.