நிரப்பாத கட்டம்

பெரியநாயக்கன்பாளையம்,
வியாழன் மாலை.

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என் தப்பையும் மறைக்க மாட்டேன். போனில் கேட்டால் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்கிறீர்கள். அதனால்தான் மஸ்கட்டுக்குக் கடிதம்.

அப்பா இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராமை மற்றவர்கள் எழுதுகிறார்கள். இவர் வரிவரியாகப் படித்துச் சரிபார்க்கிறார். பக்கத்தில் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். சாப்பாடு வரை இருவரும் பேசுவதில்லை.

செவ்வாயன்று ஆபீஸிலிருந்து அஃபான் அண்ணா கூப்பிட்டார். ஒரே ஒரு செட்டிங்தானுங்க சார், ஓகே பண்ணிப்போடுங்க என்று கெஞ்சினார். அப்பா விடவில்லை. ஏனுங்க தம்பி, ஒருத்தர் வேண்டாம்னு அணைச்சு வெச்ச செட்டிங்கும், யாருமே இன்னும் தொடாத செட்டிங்கும் ஒண்ணுங்களா, உங்க புரோகிராம் ரெண்டையும் சைபர்னு படிக்குதே என்றார். உங்க கையில கொடுத்தா கல்யாணப் பத்திரிகைகூடத் தப்பு திருத்தச் சொல்லித் திரும்பி வந்துருமுங்க சார் என்று சிரித்துவிட்டு அவர் திருத்தப் போனார்.

அன்று மாலையே, அடுத்த மாதம் நான் முதல் நற்கருணை வாங்கப்போகும் திடப்படுத்தல் ஆராதனைக்கான சர்ச் படிவத்தை அப்பா நிரப்பினார். தாயார் வருவாரா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். அம்மா அப்படிச் சொன்னார்களா என்று கேட்டேன். ஒண்ணுமே சொல்லுலயே கண்ணு, அதான் என்றார். அஃபான் அண்ணா செய்தால் தப்பு, நீங்கள் செய்தால் சரியா என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. அப்பா பேனாவை மூடிவைத்தார். கம்ப்யூட்டர் திரை தானாக இருண்ட பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரே வேறு படிவம் வாங்கி, அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் கொடுத்துவிட்டு வந்தார். மாசக் கடைசிக்குள்ள சொல்லிப்போடுங்க, சேர் போடோணும் என்றாராம் போதகர்.

ஆராதனைக்கு நான் உடுத்த வெள்ளைச் சேலை வாங்கியாயிற்று. மடிப்பு வைக்க அப்பா யூடியூப் பார்த்து, நாற்காலிக்குக் கட்டிப் பழகுகிறார். மூன்று முறை கட்டியும் அவிழ்ந்துவிட்டது.

அப்பாவிடம் பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம் அம்மா. எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். வரமாட்டேன் என்றாலும் எழுதுங்கள். கர்த்தர் உங்களை அங்கே தனியாக விடாமல் கூட இருப்பாராக.

உங்கள் மகள்,
ரூத்

பி.கு.: கொசு வருகிறதென்று அப்பா விளக்குகளை அணைத்துவிட்டார்; இந்த வரியைக் கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் எழுதி முடிக்கிறேன்.