இடதுகாலின் கடைசி கோல்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? மாத்திரையை அலமாரியில் அடைகாக்காமல் விழுங்கு.

இங்கே கால்பந்து மைதானத்தில் நாற்காலி துடைக்கிறேன். ஆட்டமில்லாத மத்தியானங்களிலும் நாலு கிழவர்கள் வந்து உட்கார்ந்து, செத்துப்போன பழைய ஆட்டக்காரன் ஒருவன் பெருமையையே பேசுவார்கள். அவன் பட்டப்பெயர் இடதுகால். எனக்கு அவன் ஜாடையாம், என்னையும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.

நேற்று ஒருவர், "இடதுகாலு, அந்தக் கடைசி கோலை எப்படிப்பா அடிச்ச?" என்றார்.

நானும் வாய்க்கொழுப்பில், "எங்க அடிச்சேன், முட்டியில பட்டுத் தானா உள்ள போச்சு" என்றேன்.

மூன்று பேர் சிரித்தார்கள். நாலாமவர் முகம் வெளுத்துவிட்டது. "இதை அவன் சாகும்போது என்கிட்ட மட்டும்தானே சொன்னான்."

பயப்படாதே, குருட்டாம்போக்கில் சொன்னதுதான். ஆனால் நேற்றிலிருந்து முட்டி வலிக்கிறது. இன்று அவர்கள் கூப்பிடும் முன்பே திரும்பிப் பார்த்துவிட்டேன்.

தைலம் ஒரு பாட்டில் அனுப்பு. இன்னொன்று. இங்கே என் சொந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. நீயோ கல்யாணமான நாளாக 'ஏங்க' என்பதைத் தாண்டியதில்லை. பதிலில் ஒரே ஒரு தடவை என் பெயரை எழுது, கோபிக்க மாட்டேன். கொட்டை எழுத்தாக எழுது, அதற்குள் மறந்துபோயிருந்தாலும் எழுத்துக் கூட்டியாவது படித்துக்கொள்கிறேன்.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உன் வீட்டுக்காரன்