ரேஷன் கார்டில் இல்லாத மருமகள்

ஐப்பசி 9, வியாழன்

என் கிளினிக்குக்கு வரும் கருணாபுரத்து அஞ்சலைக்கு மூன்று மாதமாகச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கண் சரியாகத் தெரியாதவர், இன்சுலினை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. எப்படி என்று புரியாமல், இன்று அவருடைய குடும்ப வரைபடத்தை, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், உறவுக்குக் கோடு என்று, போட உட்கார்ந்தேன்.

"வீட்ல யார் யாரும்மா இருக்கீங்க?"

"நான் ஒருத்திதாங்க."

இறந்துபோன கணவருக்கும் மகனுக்கும் கட்டம் போட்டு, மேலே பெருக்கல் குறி போட்டேன். அஞ்சலைக்கு ஒரு வட்டம். கீழே, 'குடும்ப ஆதரவு இல்லை' என்றும் எழுதிவிட்டேன்.

"அப்ப ஊசி யாரு போடறாங்க?"

"எம் மருமவதாங்க. பையன் போனப்புறம் நாந்தான் அத வேற எடத்துல கட்டிக் குடுத்தேன். பக்கத்துத் தெருதான். ரெண்டு வேளயும் வந்து போட்டுட்டுப் போவுது."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"வூட்ல யாருன்னுதான கேட்டீங்க? அது பேரு எங்க ரேஷன் கார்டுல இல்லீங்களே."

பதினோரு வருடமாக இதே கேள்வியைத்தான் கேட்கிறேன். எத்தனை பேர் எனக்கு ரேஷன் கார்டை ஒப்பித்துவிட்டுப் போனார்களோ!

எழுதியதை அடித்தேன். மறுமணமான மருமகளையும் பழைய மாமியாரையும் இணைக்க நான் படித்த புத்தகத்தில் கோடு கிடையாது. நானே ஒன்று போட்டேன், கொஞ்சம் தடிமனாகவே.

"உங்க மருமகளச் சேத்துட்டேம்மா" என்றேன்.

"அது வூட்டுக்காரரையும் சேத்துக்கோங்க. அது வேலைக்குப் போற அன்னிக்கு அவருதான் வந்து ஊசி போடறாரு."

தாளில் இடம் போதவில்லை.