ஏறிய தோள்

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் சித்தியும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பள்ளிக் கண்காட்சிக்காக, ஓவியர்கள் அன்றாட உழைப்பை எப்படி வரைந்தார்கள் என்று கட்டுரை எழுதுகிறேன். நூலகத்துப் பெரிய புத்தகத்தில் முதல் படங்களெல்லாம் அரசர்கள். உழைப்பவர்கள் ஓரத்தில், கட்டைவிரல் அளவுதான். நூற்றாண்டுகள் போகப்போக சமையல்காரி நடுவுக்கு வருகிறாள். பிறகு கல் உடைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள். சித்தி எட்டிப் பார்த்து, "பாத்திரம் தேய்க்கிறதக்கூடவா வரைவாங்க? என்னை வரையச் சொல்லுடி, ஒரு வாரம் அசையாம உக்காந்துக்கறேன்" என்றாள்.

ஒன்றுதான் வருத்தம். அரசர் படத்தின் கீழே அவர் பெயர் இருக்கிறது. இவர்களுக்கு 'சமையல்காரி', 'இஸ்திரி போடும் பெண்', அவ்வளவுதான்.

கட்டுரையோடு, வீட்டில் ஒருவர் வேலை செய்வதை வரைந்து ஒட்ட வேண்டும். உன்னை வரையப்போகிறேன். உன் ஓட்டல் வரவேற்பு மேசையில் என்னென்ன இருக்கும்?

உன் மகள்


மார்ச் 14

என் தங்கத்துக்கு,

மேசையில் தொலைபேசி, சாவிகள், ஒரு பூச்சாடி. வேறென்ன? போட்டோ அனுப்பியிருக்கிறேன். என்னை எதற்கு வரைகிறாய், சித்தியை வரையேன். அவள்தான் ஆசைப்படுகிறாளே.

அம்மா


மார்ச் 25

அம்மா,

பூச்சாடி நன்றாக வந்துவிட்டது. நீதான் வரவில்லை. போட்டோவில் உன் ஒரு தோள் ஏறியிருக்கிறது. மூன்று முறை சமமாக வரைந்தேன், அது நீயாக இல்லை. புத்தகத்தில் இஸ்திரி போடும் பெண்ணுக்கும் தோள் அப்படித்தான். உன் மணிக்கட்டில் பிறை மாதிரி ஒரு தழும்பு. நீ போட்டிருக்கும் கோட்டின் கை உனக்கு நீளம், மடித்துவிட்டிருக்கிறாய்.

அதனால் வேறொரு படம் வரைந்து, நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் நினைத்தது தப்பென்றால் கிழித்துவிடு, மேசைப் படத்தையே ஒட்டுகிறேன். சித்தியிடம் காட்டவில்லை. ஏப்ரல் இருபதுக்குள் கொடுக்க வேண்டும்.

கோபமா அம்மா?

உன் மகள்


ஏப்ரல் 8

என் தங்கத்துக்கு,

கோபமில்லை. ஆனால் ஒரு நாள் கிழிக்கத்தான் எடுத்தேன்.

அந்தக் கோட்டு வரவேற்பில் இருக்கும் பெண்ணுடையது. பத்து நிமிஷம் இரவல் கேட்டேன். யாராவது கேட்டால் நீ சொல்லிக்கொள்ள ஒரு நல்ல மேசை இருக்கட்டுமே என்றுதான் இரண்டு வருஷமாக அப்படி எழுதினேன். சித்திக்கும் உண்மையை நானே எழுதுகிறேன்.

படத்தில் தப்புகள் இருக்கின்றன. இஸ்திரிப் பெட்டியை வலது கையில் கொடுத்திருக்கிறாய். இங்கே ஓட்டல் சலவை அறையில் எனக்கு வலப்பக்கம் நீராவிக் குழாய் போகிறது, அதில் பட்டு வந்ததுதான் அந்தப் பிறை. அதனால் இடது கைக்கு மாறிக்கொண்டேன். போட்டோவில் உனக்கு வலப்பக்கம் தெரிவது என் இடது தோள்.

அப்புறம், நாங்கள் போடுவது சட்டை இல்லை, பெரிய பெரிய மேசை விரிப்புகள். எதிர் நுனியை ஒருத்தி பிடிக்க வேண்டும். அவளை 'நெட்டை' என்போம். உன் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் பிடிக்காம விரிப்பு அந்தரத்துலயா நிக்கும்? உன் பொண்ணு என்னைத் தொலைச்சுட்டாளே" என்றாள். அவளையும் வரை.

கீழே நீயும் 'இஸ்திரி போடும் பெண்' என்றுதான் எழுதியிருக்கிறாய். அதை அழித்துவிட்டு என் பெயரை எழுது. பக்கத்தில் நெட்டையின் பெயரையும். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று அவளே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இத்துடன் இருக்கிறது.

அம்மா